மூடிய பாதி

தேர்வன்று காலை எட்டு மணிக்கு உயிரியல் ஆய்வகத்தைத் திறந்தவளின் கண்ணில் முதலில் பட்டவை சன்னல் திட்டில் வரிசையாக இருந்த ஆறு செம்பருத்தித் தொட்டிகள்தான். வெயிலை வாங்கிக்கொண்டு ஜம்மென்று நின்றன. அவளுக்குப் பக்கென்றது. இரண்டு நாளாக அவை அலமாரிக்குள் கும்மிருட்டில் அடைந்து கிடந்திருக்க வேண்டும்.

முந்தாநாள் சாயங்காலம் உள்ளே வைத்துப் பூட்டியவளும் அவள்தான், நேற்றுக் காலை திறந்து பார்த்தவளும் அவள்தான். இலைகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பாவமாக இருந்தது. அரை மணி நேரம் காற்றாட இருக்கட்டும் என்று சன்னலுக்கு மாற்றினாள். அந்த நேரம் பார்த்து வினாத்தாள் நகலெடுக்க அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நகல் இயந்திரம் மக்கர் பண்ணியது. அதோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் பொழுதே போய்விட்டது. செடி சுத்தமாக மறந்துபோனது. பதினோரு வருடமாக இந்த ஆய்வகத்தில் உதவியாளர். பிள்ளைகளுக்கு 'லேப் அக்கா'. செடிக்கெல்லாம் இரக்கப்படுகிற லேப் அக்கா ஊரிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

விஷயம் இதுதான். இருட்டில் கிடக்கும் இலை, தன்னிடம் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். அதன்பிறகு அதில் ஒரு பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி வெயிலில் வைத்தால், திறந்த பாதி மட்டும் புதிதாக மாவுச்சத்து செய்துகொள்ளும். அயோடின் ஊற்றினால் அந்தப் பாதி கருநீலமாகும். மூடிய பாதி வெறும் பழுப்பாகவே நிற்கும். இலை பட்டினி கிடக்காவிட்டால் இரண்டு பாதியும் நீலம்தான், சோதனை அம்பேல்.

ஓடிப்போய் உயிரியல் சாரிடம் சொல்லியிருக்கலாம். வாசல்வரை போகவும் செய்தாள். ஆனால் போன மாதம்தான் இரண்டு பாட்டில்களின் லேபிளை மாற்றி ஒட்டிவிட்டுத் தலைமையாசிரியையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். "இன்னொரு தப்பு நடந்தா அடுத்த வருஷம் நீங்க இங்க இருக்க மாட்டீங்க" என்று அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு சொன்னது இன்னும் காதிலேயே நின்றது. திரும்பி வந்தாள். பத்து மணிக்கு இருபத்தைந்து இலைகளில் கறுப்புக் காகிதத்தை வைத்து கிளிப் மாட்டினாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. 

பன்னிரண்டு மணிக்குத் தேர்வு. இருபத்திரண்டு பிள்ளைகள், ஆளுக்கொரு இலை. வெந்நீரில் போட்டு, சூடான ஸ்பிரிட்டில் பச்சையை இறக்கி, வெளிறிய இலையைப் பீங்கான் தட்டில் விரித்து அயோடினை விட்டார்கள். அவள் மேசைகளுக்கு இடையே நடந்தாள். முதல் தட்டில் முழு நீலம். இரண்டாவதிலும் முழு நீலம். கடைசி மேசைவரை அதேதான். இதோ யாராவது கத்தப்போகிறார்கள், இதோ மாட்டிக்கொள்ளப் போகிறோம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குனிந்து எழுதினார்கள். ஒரு பையனின் தாளை எட்டிப் பார்த்தாள். 'மூடிய பகுதி: நிறமாற்றம் இல்லை.' அடுத்த தாளிலும் அதே வரி. கண்ணெதிரே நீலமாகக் கிடக்கும் இலையைத் தள்ளி வைத்துவிட்டுப் புத்தகத்தில் இருந்ததை எழுதிக்கொண்டிருந்தார்கள். அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த மூச்சு பாதியிலேயே நின்றது, ஏனென்றால் மூன்றாவது மேசையில் ஒரு கை உயர்ந்திருந்தது.

எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்பதால் வகுப்பில் 'கேள்விக்குறி' என்று பெயர் வாங்கிய பெண் அது.

"சார், என் இலை முழுசும் நீலமா இருக்கு."

சார் மதிப்பெண் பட்டியலிலிருந்து தலை நிமிரவில்லை. "பரீட்சையில பேசக் கூடாது. பாக்கறத எழுது."

அவளும் பார்த்ததை எழுதிவிட்டாள்.

அரை மணி நேரத்தில் தாள்களைத் திருத்தி முடித்த சார், அந்தப் பெண்ணை மட்டும் நிறுத்திவைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. இருபத்திரண்டு பேரும் தேறியாக வேண்டும் என்று அவருக்கும் மேலே இருந்து நெருக்குகிறார்கள். "இலைய மாத்தி எடுத்துட்டியா என்னமோ. மிச்ச இலை இருக்கு, மூணு மணிக்கு வந்து இன்னொரு தடவ செய். இதுல ஃபெயிலானா எழுத்துப் பரீட்சைக்கே உக்கார முடியாது. உனக்காகத்தான் சொல்றேன்."

லேப் அக்காவுக்கு அதற்குப்பிறகு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய குழாய்களையே மறுபடி கழுவினாள். சோற்று டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். புருஷனுக்குப் போன் போட்டாள்.

"உனக்கு எதுக்குடி இந்த வேலையத்த வேலை? யாராவது உன்ன வந்து கேட்டாங்களா?"

"யாருமே கேக்கலைங்கறதுதாங்க பிரச்சனை."

"அப்ப வாய மூடிட்டு இரு. புத்திசாலிப் பொண்ணுன்னு சொல்றல்ல, பொழச்சுக்கும்."

தண்ணீர் பிடிக்கத் தாழ்வாரத்துக்கு வந்தால், படிக்கட்டில் அந்தப் பெண் புத்தகத்தை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிடலையாம்மா?"

"பசிக்கலக்கா." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, நீங்க எல்லா மேசைக்கும் வந்தீங்கல்ல. மத்தவங்க இலையெல்லாம் பாதிதான் நீலமா இருந்துச்சா?"

கடைசியில் ஒருத்தி கேட்டேவிட்டாள். இருபத்திரண்டு தட்டுகளும் லேப் அக்காவின் கண்முன் வந்து நின்றன. தலைமையாசிரியையின் சிரித்த முகமும் கூடவே வந்தது.

"நான் கவனிக்கலம்மா."

"ஓ." அந்தப் பெண் புத்தகத்தைப் பார்த்தாள். "அப்ப என்கிட்டதான் ஏதோ தப்பு."

குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்து காலை நனைத்தது. லேப் அக்கா அழவில்லை, ஆனால் தன்னைத்தானே ஒரு அறை அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

மூன்று மணிக்கு அந்தப் பெண் எல்லாவற்றையும் இரண்டு மடங்கு கவனமாகச் செய்தாள். கிளிப்பைக் கழற்றுமுன், மூடிய பாதியின் எல்லையில் இலையின் ஓரத்தைச் சின்னதாக வெட்டி அடையாளம் வைத்தாள். வெந்நீரில் எத்தனை நிமிடம், ஸ்பிரிட்டில் எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அயோடினைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். லேப் அக்கா பக்கத்தில் நின்று, கூடாது கூடாது என்று மனசுக்குள் முணுமுணுத்தாள். நீலம் காம்பிலிருந்து நுனிவரை பரவியது. வெட்டிய அடையாளத்துக்கு இந்தப் பக்கமும் நீலம், அந்தப் பக்கமும் நீலம்.

அந்தப் பெண் இலையை வெகுநேரம் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். அவர் போனில் யாரிடமோ, மதிப்பெண் பட்டியல் நாலு மணிக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் பேனாவை எடுத்து, குண்டு குண்டான அழகான கையெழுத்தில் எழுதினாள். லேப் அக்கா தோளுக்கு மேலாகப் படித்தாள்.

'மூடிய பகுதி: நிறமாற்றம் இல்லை.'

தாள் சாரின் மேசைக்குப் போனது. அவர் படித்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்தார். "பாத்தியா? கவனமா செஞ்சா வருதா இல்லையா?"

"வருது சார்."

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை, எதற்கு என்று கேட்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

சார் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார். மேசையைத் துடைத்து, இலையைக் குப்பையில் கொட்ட வேண்டியது லேப் அக்காவின் வேலை. பீங்கான் தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள். குப்பைத்தொட்டியைத் தாண்டி நடந்தாள்.

"சார், ஒரு நிமிஷம்."

"என்னம்மா?"

 தட்டைத் தாளின் மேலேயே வைத்தாள். வைத்த வேகத்தில் அயோடின் தளும்பி, சிவப்புப் பேனாவின் முனைக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. கதவருகே போய்விட்ட பெண் திரும்பிப் பார்த்தாள். பழுப்பாக விழுந்த சொட்டு, 'இல்லை' என்ற சொல்லின் மேல் பரவி, தாளில் இருந்த மாவுச்சத்தைத் தொட்டு, மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கருநீலமாகிக்கொண்டிருந்தது.