சித்தப்பா இறங்கியதும் நடுங்கிய வண்டி

கேக் செய்து விற்கிறவளுக்கு வண்டி நடுங்கினால் என்ன பாடு என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்துபோயிற்று. வீட்டிலிருந்து மகாராணி மாதிரி புறப்படும் கேக், போய்ச் சேரும்போது ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். உதிர்ந்த க்ரீம் பூக்களை வாடிக்கையாளர் வீட்டு வாசலிலேயே நின்று ஒட்டிக்கொடுப்பாள்.

பழைய நீளமான கார் அது. பின் சீட்டை மடக்கி, தட்டுகள் வைக்க அலமாரி பொருத்தியிருந்தாள். பாரத்தில் வண்டி உட்கார்ந்துவிடக் கூடாதென்று, பட்டறை வைத்திருக்கும் தம்பியிடம் சொல்லிப் பின் ஸ்பிரிங்கில் ஓர் இரும்புப் பட்டை கூடுதலாகப் போடச் சொன்னாள். அன்றைக்கே புது டயரும் மாட்டினார்கள். மறுநாளிலிருந்து, கொஞ்சம் வேகம் எடுத்தாலே வண்டியின் பின்பக்கம் கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

பழி டயர் மேல் விழுந்தது. தம்பி சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தான். ஆட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஓடும்போதே நியூட்ரலில் போட்டுப் பார்த்தான். அப்போதும் ஆடியது. அப்படியானால் இன்ஜின் குற்றவாளி இல்லை என்றான். யார்தான் குற்றவாளி என்று அவள் கேட்டதற்கு, தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தது. அலமாரியைக் கழற்றி, சீட்டை நிமிர்த்தி, சித்தி, சித்தப்பா, சம்பந்தி மூவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூவருமே நல்ல ஆகிருதி. பேத்திக்கு யார் ஜாடை என்று பின்னால் ஒரே வழக்கு. திரும்பி வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது: வழக்கமாக ஆடுகிற வேகத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது.

ஓரமாக நிறுத்தித் தம்பிக்குப் போன் போட்டாள். அவன் விவரம் கேட்டுவிட்டுச் சொன்னான்: "அக்கா, வழியில யாரையும் இறக்கிடாத. அப்படியே மூணு பேரையும் இங்க கூட்டிட்டு வா."

பட்டறை வந்ததும் தம்பி முன் சீட்டில் ஏறிக்கொண்டான். நேர்ச்சாலையில் ஒரு சுற்று. ஆட்டம் இல்லை. சித்தியை இறக்கிவிட்டு இன்னொரு சுற்று. லேசாக ஒரு முனகல். சம்பந்தி இறங்கியதும் முனகல் தெளிவாகக் கேட்டது. கடைசியாகச் சித்தப்பாவும் இறங்க, வண்டி பழையபடி கடகடத்தது.

"அப்போ என்னாலதான் வண்டி ஒழுங்கா ஓடிச்சு" என்று சித்தப்பா பட்டறை பெஞ்சில் மார்பை நிமிர்த்தினார்.

"இதுக்காவது ஆனீங்களே" என்றாள் சித்தி. சம்பந்தி மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார்.

தம்பி வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தபோது அவன் முகம் முழுக்கக் கிரீஸும் சிரிப்பும். "நான் போட்ட பட்டைதான்க்கா. முன்னாலேருந்து பின் சக்கரத்துக்கு ஒரு நீளத் தண்டு சுத்திக்கிட்டு வருதுல்ல? பின்பக்கம் உயர்ந்ததும் அது சேர்ற இடத்துல சாய்வு மாறிப்போச்சு. இவங்க உட்கார்ந்தா வண்டி பழைய உயரத்துக்கு இறங்கிடுது, அதான் ஆடல."

"இதுக்கு என்ன வழி?"

"ஆப்பு வைக்கணும்."

"யாருக்கு?" என்றார் சித்தப்பா, சட்டென்று.

இரும்பை ஒருபக்கம் தடியாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் அறுத்து, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரண்டு பக்கமும் செருகி முடுக்கினான் தம்பி. தண்டு சேருமிடம் நேராகிவிட்டது என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டான்.

மறுபடி இருவரும் கிளம்பினார்கள், பின்னால் யாரும் இல்லாமல். ஆடும் வேகம் வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தம்பி பின்னால் திரும்பி வண்டியின் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். வண்டி வெண்ணெய் மாதிரி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப வேண்டிய முனையைத் தாண்டினாள். அவன் பார்த்துவிட்டுச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். அடுத்த முனையையும் தாண்டினாள். ஜன்னலை இறக்கிவிட்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

போன் அடித்தது. சித்தி. "பாரம் வேண்டாம்னு ஆனதும் எங்களை பெஞ்சுலயே விட்டுட்டுப் போயிட்டீங்களாடி?"

இதோ வந்துட்டேன் சித்தி என்று சொல்லி, அவள் இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் வண்டியைத் திருப்பினாள்.