இரண்டாவது ஓட்டம்

வண்டிப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் இருந்தது. டர்போ காரின் வேகத்தைக் கூட்டுகிறோம் என்று விற்கிற சாமான் எதுவானாலும் அவருடைய ஷெட்டில் சோதித்துச் சீட்டு வாங்கினால்தான் மதிப்பு. காரை இரும்பு உருளைகள் மேல் ஏற்றி, பட்டை போட்டு இழுத்துக் கட்டி, ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதிப்பார். கார் நின்ற இடத்திலேயே அலறும். எத்தனை குதிரைசக்தி என்று கம்ப்யூட்டர் சொல்லும். சாமான் மாட்டுமுன் ஓர் ஓட்டம், மாட்டியபின் ஓர் ஓட்டம். இரண்டையும் ஒரே சீட்டில் அச்சடித்து, கீழே முத்து முத்தாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு ஏகப் பெருமை. கண்ணாடி முன் நின்று அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அன்று காலை அவருடைய தம்பி வந்தான். அலுமினியம் வெல்டிங் செய்கிறவன். இரண்டு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு ஓர் இன்டர்கூலர் செய்திருந்தான். இன்ஜினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளுகிற டர்போவிலிருந்து அது கொதித்துப்போய் வரும். அதைக் குளிரவைத்து இன்ஜினுக்குள் அனுப்புகிற பெட்டி அது. ஆறு பெட்டிகள் விரிசல் விட்டுக் குப்பைக்குப் போயின. இது ஏழாவது. கூடவே பார்ட்ஸ் கடைக்காரரும் வந்திருந்தார்.

"உங்க கையெழுத்து விழட்டும் தராசு. நாளைக்கே என் கடையில முன் வரிசையில வைக்கிறேன்" என்றார் கடைக்காரர்.

தம்பி, குழந்தையை டாக்டரிடம் காட்டுகிறவன் மாதிரி பெட்டியை மடியிலேயே வைத்திருந்தான்.

முதல் ஓட்டத்தில் இருநூற்று அறுபத்திரண்டு வந்தது. "நீ மாட்டு, நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று தராசு வீட்டுக்குப் போனார். கடைக்காரரும் வெளியே போய்விட்டார். தம்பி தனியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மாட்டினான். காற்று கசிகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டான். எல்லோரும் திரும்பி வந்ததும் இரண்டாவது ஓட்டம். இருநூற்று எண்பது!

"பதினெட்டுண்ணா! பதினெட்டு!" தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்காரர் அவன் முதுகில் தட்டினார்.

தராசு பேனாவைத் திறந்தார். என்ன தோன்றியதோ, சீட்டின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்தார். அறையின் சூடு ஐம்பத்து நான்கு டிகிரி என்றிருந்தது. அவரோ குளிர் தாங்காமல் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சூடான காற்றில் எந்த இன்ஜினும் கொஞ்சம் சோர்ந்துபோகும். அதனால் அறையின் சூட்டை அளக்க ஒரு சின்ன சென்சார் இருக்கும். அறை கொதிக்கிறது என்று அது சொன்னால், 'பாவம், இந்த இன்ஜின் கஷ்டப்படுகிறது' என்று கம்ப்யூட்டர் தாராளமாகக் கூட்டிப் போடும். அந்த சென்சாரை அனல் அடிக்கிற பக்கம் தள்ளிவைத்தால் போதும், ஓட்டை வண்டியும் பந்தயக் குதிரையாகிவிடும். இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலமான திருட்டு கிடையாது.

"சென்சார எங்கடா நகத்தி வச்ச?"

"எந்த சென்சார்? நான் அதத் தொடவே இல்லண்ணா."

"ரெண்டு மணி நேரம் நீ மட்டும்தான் இங்க இருந்த. சூடு அதுவா நடந்து போச்சா?"

"சத்தியமா தொடலண்ணா."

"மார்க் ஷீட்ல மூணை எட்டாக்கினவன்தானடா நீ! உன் சத்தியத்தக் கொண்டுபோய் குப்பையில போடு!"

அப்போது தம்பிக்குப் பதினொரு வயது. இப்போது நாற்பத்தொன்று. கடைக்காரர் எதிரில் அவன் முகத்தில் ஈயாடவில்லை. கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்து, வேலை இருப்பதாக முனகிவிட்டு நழுவினார். தம்பி பெட்டியைக் கழற்றினான். கை சுட்டது. ஒரு துணி கேட்கக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

"வெளியாளுங்க கிட்ட தேனா பேசுறீங்க. கூடப் பொறந்தவன நாலு பேர் முன்னாடி இப்படியா?" என்றாள் தராசின் மனைவி, அன்று ராத்திரி விஷயம் தெரிந்ததும்.

"கூடப் பொறந்தவன்னா சலுகையா? தராசுன்னா தராசுதான்" என்று இரண்டு தட்டுச் சோறு கூடவே சாப்பிட்டார் அவர். நியாயம் செய்தவருக்குப் பசி நன்றாக எடுக்கும்போல.

மூன்றாம் நாள் சென்சாரைப் பழைய இடத்தில் வைக்கலாம் என்று ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார். கம்ப்யூட்டர் மேஜையிலிருந்து சுவரோரமாகப் போய், பின்பக்கத் தூணில் ஓர் ஆணியில் முடிந்தது. சென்சார் அங்கேதான் தொங்கியது. அதன் மேல் விரல் கனத்துக்குக் கரி. ஒட்டியிருந்த டேப் காய்ந்து, தொட்டதும் பொடிந்தது. இரண்டு மணி நேரத்தில் படிகிற கரியா அது?

ஆணி அவர் அடித்தது. ஷெட் புதிதாகத் திறந்தபோது, காருக்கு முன்னால் கிடந்த ஒயர் காலில் மிதிபட்டு அறுந்தது. எரிச்சலில் அவரே தூக்கித் தூணில் மாட்டினார். அப்புறம் மறந்துபோனார். ஓடி ஓடிக் காய்ந்த காரின் அனல் நேராக அந்தத் தூண் மேல்தான் அடிக்கும்.

அவர் பழைய சீட்டுகளை அள்ளிப்போட்டுப் பார்த்தார். முதல் ஓட்டத்தில் இருபத்தாறு டிகிரி, இரண்டாவதில் ஐம்பத்திரண்டு. அடுத்ததில் இருபத்தேழு, ஐம்பத்தைந்து. ஆறு வருஷமாக எல்லாமே அப்படித்தான். இரண்டாவதாக ஓடியது எதுவோ அது ஜெயித்திருந்தது. தகர டப்பாவை மாட்டியிருந்தாலும் ஜெயித்திருக்கும். ஒவ்வொன்றின் கீழும் முத்து முத்தாகக் கையெழுத்து.

சூட்டைச் சரிசெய்து கணக்கைத் திரும்பப் போட்டார். பாதிச் சாமான்கள் சக்தியைக் குறைத்தே இருந்தன. மற்றவை ஒன்று, ஒன்றரை கூட்டின. தம்பியின் பெட்டி மூன்று. ஆறு வருஷத்தில் அந்த ஷெட்டுக்கு வந்தவற்றில் அதுதான் ஆக நல்ல சாமான்.

அன்று மத்தியானமே தம்பியின் பட்டறைக்குப் போனார். முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆணி, கரி, சீட்டுகள், எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்ப என் பொட்டி நெசமா எவ்வளவு?"

"மூணு."

"மூணா" என்றான். இரண்டு வருஷம் அந்த ஒரு சொல்லில் அடங்கிப்போயிற்று.

"கடைக்காரர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்டா. உன் எதிர்லயே" என்று தராசு ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தப்பு தன்னுடையது, தம்பி எதையும் தொடவில்லை, இத்தனை வருஷம் கொடுத்த எந்தச் சீட்டும் சரியில்லை என்றார்.

மறுமுனையில் கடைக்காரர் மெல்லச் சிரித்தார். "புரியுது தராசு. ரத்தம் தண்ணியாகுமா? தம்பி மானத்தக் காப்பாத்த உங்க தலையிலயே மண்ண வாரிப் போட்டுக்கிறீங்க. பெரிய மனசு! ஆனா சீட்டெல்லாம் பொய்யின்னு மட்டும் வெளிய சொல்லாதீங்க, ஒருத்தனும் நம்ப மாட்டான். தம்பிகிட்ட நான் கோச்சுக்கலன்னு சொல்லுங்க. புள்ளகுட்டிக்காரன், ஏதோ ஆசையில பண்ணிட்டான்." ஃபோன் அணைந்தது.

"அவர் கடைக்கு நேர்லயே போறேன்" என்றார் தராசு.

"விடுண்ணா. நீ சொல்லச் சொல்ல நான் இன்னும் பெரிய திருடனாவேன்." தம்பி கையுறையைக் கழற்றினான். உள்ளங்கையில் சூடுபட்ட இடம் கொப்புளமாகியிருந்தது. "ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த ஆறு வருஷத்துல எவன் சீட்டுலயாவது அந்த மூலையப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"என்னோடதுல மட்டும் ஏன் பாத்த?"

அதற்குத் தராசிடம் பதில் இருந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லத்தான் அவரால் முடியவில்லை.