சித்தப்பா சாகிற எபிசோடு

தான் நாற்பத்தோராவது எபிசோடில் சாகப்போகிறோம் என்பது அந்த நடிகருக்குத் தெரியவந்தபோது, ஒப்பனை அறையில் மீசைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். வாயைத் திறந்து கத்தவும் வழியில்லை. கையிலிருந்த வசனத்தாளை மடியில் போட்டுவிட்டுக் கண்ணாடியையே வெறித்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு கடத்தல் குடும்பத்தின் கதை. தொலைக்காட்சியில் வாரா வாரம் ஊரே உட்கார்ந்து பார்த்தது. அதில் அண்ணன்தான் குடும்பத்துக்கும் கும்பலுக்கும் தலைவர். இவருக்குத் தம்பி வேடம். சிரித்துக்கொண்டே கழுத்தறுக்கும் ஆள். அண்ணன் பிள்ளைகள் அவரைச் "சித்தப்பா" என்று கூப்பிடப்போக, பார்க்கிற சனமெல்லாம் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. பல் வைத்தியர்கூட, "சித்தப்பா, வாயை நல்லாத் திறங்க" என்றுதான் சொன்னார்.

அதற்கு முன் ஏழு வருடம் வேலையே இல்லாமல் இருந்தவர். கிடைத்ததெல்லாம் டாக்டர் வேடம். அறையை விட்டு வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, "எங்களால முடிஞ்சதெல்லாம் செஞ்சோம்" என்று சொல்லிவிட்டுப் போகிற டாக்டர். ஐம்பத்தெட்டு வயதில் சித்தப்பா வேடம் வந்ததும்தான் மனிதர் நிமிர்ந்து நடந்தார். இப்போது அதற்கும் ஆயுள் முடிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

"என்னைச் சுட்டுடறாங்க."

"யாரு?"

"அண்ணன்தான். சாப்பிட்டுட்டு இருக்கும்போதே."

"சாப்பிட விட்டுட்டாவது சுடக் கூடாதா?" என்றாள் அவள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "கதையிலதானே சாகுறீங்க. அதுக்கா இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள்.

இரண்டு மாதமாகவே மாடிப்படி ஏறினால் கண் இருட்டிக்கொண்டு வருவதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சீக்காளி என்று பெயர் எடுத்த நடிகனை யார் கூப்பிடுவார்கள்? கண்ணாடியின் பவரை மாற்றினால் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படப்பிடிப்பு நாள் வந்தது. பழைய கிடங்கு ஒன்றுக்குள் பலகை அடித்துக் கட்டிய சாப்பாட்டு அறை. நீள மேசை, எட்டு நாற்காலி, பாதி சாப்பிட்ட தட்டுகள். கதைப்படி, அண்ணன் மகன் இந்தத் தொழிலில் சிக்கிச் சீரழியக் கூடாது என்று சித்தப்பாதான் போலீஸுக்குத் துப்புக் கொடுத்திருக்கிறார். அது அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தம்பிக்கும் அது தெரியும். இருவரும் அதிகம் பேசாமல் சாப்பிடுகிறார்கள். மேசைக்கு அடியிலிருந்து ஒரு குண்டு. அதன் பிறகு இரண்டு நிமிடம் அண்ணன் தம்பியின் பிணத்துக்குப் பக்கத்திலேயே வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒலிப்பதிவு செய்கிறவள் நாற்பது வயதுப் பெண். எப்போதும் தலையில் ஹெட்போனோடு திரிவதால் அவளுக்கு அங்கே "காது" என்று பெயர். அன்று காலையில் அவர் நெஞ்சில் ஒட்டிய சின்ன மைக்கை மூன்று முறை பிய்த்து மூன்று முறை ஒட்டினாள். சட்டை உரசுகிறதாம். அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது.

"செத்துக் கிடக்கப் போறேன். பொணத்துக்கு எதுக்கும்மா மைக்கு?"

"சுடறதுக்கு முன்னாடி ரெண்டு வரி இருக்கே சார்" என்றாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"அந்த ரெண்டு வரிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது. வேலையை விடவில்லை.

குண்டு வெடித்தது. அவர் தட்டின் பக்கத்தில் தலை சாய்த்து விழுந்தார். சட்டையெல்லாம் சிவப்புச் சாயம். "ஓகே" என்றார் இயக்குநர்.

அடுத்த ஷாட்டுக்கு முன் அறையின் மௌனத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி. பின்னால் வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது தேவைப்படும். அதனால் இருக்கிறவர்கள் எல்லாரும் இருந்த இடத்திலேயே அரை நிமிடம் ஆடாமல் அசையாமல் நிற்பது வழக்கம். முப்பது பேர் சிலை மாதிரி நின்றார்கள். அவர் மேசையில் சாய்ந்தபடியே கிடந்தார்.

அரை நிமிடம் முடிந்தும், அசையாதீர்கள் என்று தூக்கிய கையைக் காது இறக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டினாள், ஒயரைத் தட்டினாள். பிறகு நேரே வந்து, அவர் நெஞ்சிலிருந்த மைக்கை எடுத்து அண்ணனாக நடிக்கும் பெரியவரின் நெஞ்சில் வைத்துக் கேட்டாள். மறுபடி சித்தப்பா நெஞ்சிலேயே வைத்தாள்.

"என்ன கூத்து இது?" என்றார் இயக்குநர். "நேரம் போகுது."

"மைக்ல கோளாறு இல்ல சார். அவரு நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது. நடுநடுவுல நின்னுடுது."

யாரோ சிரித்தார்கள். "நடிப்புல அப்படி ஒரு ஈடுபாடு" என்று கேமராப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இன்னும் ஒரு ஷாட்டு, முடிச்சிடலாம்" என்றார் அவர்.

"முடிக்கக் கூடாது சார்."

"அதைச் சொல்ல நீ யாரும்மா?"

அவள் அவரோடு மல்லுக்கு நிற்கவில்லை. தன் இடத்துக்குப் போய், ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு, சத்தத்தை ஒலிபெருக்கியில் விட்டாள்.

கிடங்கு முழுக்க அவருடைய இதயம் கேட்டது. லப்டப், லப்டப், லப்டப். பிறகு ஒன்றுமில்லை. விளக்குப் பிடித்திருந்தவர் தன்னையறியாமல் வாய்விட்டு எண்ணினார்: "ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..." தொம் என்று ஒரு அடி. மறுபடி லப்டப்.

தன் நெஞ்சுக்குள் நடப்பதை அவரும் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார். அவருக்கு முதல் நினைவு மாடிப்படி. இரண்டாவது நினைவு மனைவி.

இயக்குநரே விளக்குகளை அணைக்கச் சொன்னார். பெரியவர்தான் தன் காரில் அவரை ஏற்றிக்கொண்டு போனார். கதையில் தம்பியைச் சுட்ட கையாலேயே காரை ஓட்டி, "ஒண்ணும் ஆகாதுடா, ஒண்ணும் ஆகாது" என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் ரத்தச் சட்டையைப் பார்த்ததும் நர்ஸ்கள் ஓடிவந்து துணியை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க குண்டு பட்டுச்சு? யாரு சுட்டது?"

"நான்தான்" என்றார் பெரியவர், பதற்றத்தில். "ஐயோ, இல்லம்மா! அது சாயம். இது வேற."

காவலாளி அவர் கையைப் பிடிக்கப் போய்விட்டார். விளக்கிச் சொல்லி விடுவிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாளே நெஞ்சுத் தோலுக்கு அடியில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றியபோது, அந்த வசனத்தை எத்தனையோ தடவை வீட்டில் ஒத்திகை கேட்டிருந்த மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாளாம். டாக்டரோ கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நல்ல நேரத்துல வந்தீங்க. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா படியிலயோ பாத்ரூம்லயோ விழுந்திருப்பார். யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"மைக் வைக்கிற பொண்ணு" என்றாள் மனைவி.

இயக்குநர் பழங்களோடு வந்தார். தயங்கித் தயங்கி, "சித்தப்பாவைப் பிழைக்க வெச்சிடலாமான்னு யோசிக்கிறோம். எழுதறவங்களும் சரின்னுட்டாங்க" என்றார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார். இப்போது தலையணையில் சாய்ந்தபடியே கையை அசைத்தார். "வேணாம் தம்பி. அவன் செத்தாத்தான் கதை நிக்கும். மிச்சம் இருக்கிற ஷாட்டையும் எடுத்துடுங்க. நல்லபடியா செத்துக் கொடுக்கிறேன்" என்றார்.

உடம்பு தேறியதும், பிணமாகக் கிடக்க வேண்டிய அந்த ஷாட்டுக்காகக் கிடங்குக்குப் போனார். மனைவியும் கூட வந்தாள். காதிடம் சொல்ல நாலு வரி நன்றி வசனம் வீட்டிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தார். வசனம் மறந்தான் என்று ஒருவரும் குறை சொல்லாத நடிகர், அவள் எதிரே போய் நின்றதும் முதல் வரியே வராமல் விழித்தார்.

"அன்னிக்கு உங்களை... எல்லார் முன்னாடியும்... நான்..."

"கையைக் கொஞ்சம் தூக்குங்க சார், பொணத்துக்கும் மைக் வைக்கணும்" என்றாள் அவள். அவளுக்கும் கண் கலங்கியிருந்தது. தழும்பு வலிக்காமல், அதற்குப் பக்கத்தில் பார்த்து ஒட்டினாள்.

மனைவி முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காது கூச்சத்தில் நெளிந்தாள்.

"என் வேலைம்மா இது. வேற என்ன செஞ்சேன்?"

"சத்தம் கேட்டது உன் வேலை. அத்தனை பேரு சிரிச்சும் நீ விடல பாரு, அது வேலை இல்ல கண்ணு" என்றாள் மனைவி.

எபிசோடு ஒளிபரப்பான மாலை, மனைவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே பார்த்தாள். பெரியவர் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு நிமிடத்தில், நடிக்கிறவர் நிஜமாகவே அழுதுகொண்டிருந்தது சித்தப்பாவுக்கு மட்டும் தெரிந்தது. முடிந்த கையோடு கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். திறந்தவரைப் பார்த்து, "உங்களைக் கொன்னுட்டாங்களே சித்தப்பா, மனசே ஆறல" என்று மூக்கைச் சிந்தினார். செத்தவரே அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியதாயிற்று.

கீழ்வீட்டுக்காரர் போனபின், சித்தப்பா போனில் காதுக்கு ஒரு செய்தி தட்டினார். நாலு வரியும் இப்போது நினைவுக்கு வந்தது, ஆனாலும் எழுதியது இவ்வளவுதான்: "பார்த்தோம்மா. உன்னாலதான் உக்காந்து பார்த்தேன்."

உடனே பதில் வந்தது. "சந்தோஷம் சார். ரெண்டாவது நிமிஷத்துல ஒரு நாற்காலி கிறீச்சுன்னுது, கவனிச்சீங்களா? எனக்கு மனசே கேக்கல."

புருஷனும் பெண்டாட்டியும் அந்த இடத்தைத் திரும்பப் போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். இன்னொரு தடவையும் கேட்டார்கள்.

"உங்களுக்கு ஏதாவது கேட்டுச்சா?"

"ம்ஹூம். உனக்கு?"

"எனக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவராலும் அடக்க முடியவில்லை.