கஞ்சி போக அலசிய துணி

அப்துல் சமத் பாய் ஹஜ்ஜுக்குப் போகப்போவதாக அறிவித்த அன்று, இல்லத்து வார்டில் அவருடைய கட்டிலைச் சுற்றித் திருவல்லிக்கேணிக் கடைத்தெருவே பாதி வந்து நின்றிருந்தது. ஒவ்வொருவர் கையாகப் பிடித்து, "பேசினது, ஏசினது எல்லாம் மாஃப் பண்ணிடு" என்று மன்னிப்புக் கேட்டார். பக்கத்துக் கடைக் கலீமுல்லா பல வருஷமாக அவரோடு முகம் கொடுத்துப் பேசாதவராம். அவர்கூட மூக்கைச் சிந்திக்கொண்டு, "மாஃப் நைனா, மாஃப். என்னையும் மாஃப் பண்ணிடு" என்றார். சமத் பாயின் மனைவி ஜஹீதா மட்டும் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் முறை வந்தது. "போய்ட்டு வாங்க. வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லி, ஒரு சுளையைக் கணவரின் வாயில் வைத்தார்.

எனக்கு எதுவும் விளங்கவில்லை. ராயப்பேட்டையில் இருக்கும் அந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் குணமாகித் திரும்புவதில்லை. கடைசி நாட்களில் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே வைத்தியம். நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பது, கேட்டால் பிரார்த்தனை செய்வது, கேட்காவிட்டால் சும்மா இருப்பது, இது என் வேலை. முன்பு ஒரு பாதிரியார் செய்துவந்தார். அவர் ஓய்வுபெற்றதும், மயிலாப்பூரில் மாலை வகுப்பில் மனநல ஆலோசனை படித்துக்கொண்டிருந்த என்னை எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குங்குமப்பொட்டோடு நான் உள்ளே நுழையும்போதெல்லாம் வார்டு உதவியாளர் கபாலி, "பாதிரியம்மா வந்துக்கினு கீறாங்க, பாவத்தையெல்லாம் ரெடியா எடுத்து வெய்ங்கபா" என்று கத்துவார்.

நடக்காத ஒன்றை நோயாளி நம்பினால் அதை வளர்க்கக் கூடாது, மெதுவாக உண்மையின் பக்கம் அழைத்துவர வேண்டும் என்று வகுப்பில் சூடாமணி மேடம் சொல்லியிருந்தார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே சமத் பாய்க்கு இரண்டு பேர் வேண்டும். கண் மஞ்சளாகி, வயிறு உப்பி, கைகள் குச்சியாகிவிட்டன. என்ன சொல்வது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்தேன். இருந்தும் அவர் எதிரில் உட்கார்ந்ததும் வரிசை குழம்பிவிட்டது.

"பாய், இந்த ஒடம்போட அவ்வளவு தூரம் பயணம்..."

"கஷ்டம்னு சொல்றியா?" அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது. "இன்னாமா லக்ஷ்மி, நான் பாஸ்போர்ட்டே எடுக்கலியே."

நான் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துக்கொண்டேன்.

"ஹஜ்ஜுக்குக் கெளம்புறவன் எல்லார்கிட்டயும் மாஃப் கேட்டுட்டுதான் கெளம்பணும். கேட்டா குடுத்துடுவாங்க, அது எங்க பழக்கம். சாவப்போறேன், மன்னிச்சுடுன்னு கேட்டேன்னு வெய்யி, அய்யோ அப்படிச் சொல்லாதேன்னு வாயப் பொத்திடுவாங்க. இப்ப பாரு, கலீமுல்லாவே குடுத்துட்டான்."

ஆக, எல்லோரும் தெரிந்தே வழியனுப்பியிருக்கிறார்கள். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

"அவதான் குடுக்க மாட்டேங்குறா" என்றார். ஜஹீதாவின் அம்மா வாணியம்பாடியில் இறந்தது ஒரு ரம்ஜானுக்கு முந்தின வாரம். சமத் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டம். வீட்டில் கடை ஆட்களுக்குச் சமைக்க வேறு ஆள் இல்லை. பெருநாள் முடிந்து போகலாம் என்று அவர் சொல்லிவிட்டார். அவர்கள் போனபோது புதைத்த மண் காய்ந்திருந்தது. "மூஞ்சியக்கூட பாக்க விடலியேன்னு அன்னிக்கும் கேக்கல, இதுவரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்போம். நீ எனக்கு மவ மாதிரி, சொல்லிப் பாரேன் பேட்டி. அவ வாயால கேட்டுட்டுப் போயிடுறேன்."

ஒருவர் செய்தியை இன்னொருவரிடம் எடுத்துப் போகக் கூடாது என்பதும் வகுப்பில் சொன்னதுதான். எடுத்துப் போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் ஜஹீதா வயர்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாஸ்போர்ட் இல்லாத ஹஜ்" என்றார் நான் வாய் திறப்பதற்குள். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறாரு. நான் சொல்லிட்டா கெளம்பிடுவாரு."

"அதனாலதான் சொல்லலையா?"

அவர் கூடையின் பிடியைத் திருகினார். "அதுவும்தான். உள்ள இன்னும் எரியுதுமா. எரியறப்போ வாயால மட்டும் மாஃப்னு சொன்னா அது கணக்குல சேருமா? நீ இதுக்குத்தானே படிக்கிறே. சொல்லு."

சேரும் என்று சொல்ல வந்தேன். சேராது என்றும் தோன்றியது. எங்கள் ஆத்தில் யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. "தெரியல மாமி" என்றேன். ஒரு முஸ்லிம் அம்மாளை மாமி என்று கூப்பிட்டுவிட்டது அப்புறம்தான் உறைத்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் ஜஹீதா ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். ஹஜ்ஜில் ஆண்கள் உடுத்தும் தையலில்லாத வெள்ளைத் துணி, இரண்டு. "போறவருக்குத் துணி வேணாமா?" என்று ஒன்றைப் பிரித்து அவர் மேல் போர்த்தினார். தோள்களில் இழுத்துவிட்டார். கால்மாட்டில் நிறைய மிஞ்சியது. உள்ளே மடித்துச் செருகினார். சமத் பாய் துணியைத் தடவிப் பார்த்தார்.

"எங்க போனாலும் ஆவும்" என்றார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். மருந்து வண்டியோடு வந்த கபாலிகூட வண்டியை உருட்டாமல் பிடித்துக்கொண்டார்.

ஜஹீதாவின் உதடு அசைந்தது. சட்டென்று துணியை உருவிச் சுருட்டினார். "புதுத்துணி, கஞ்சி குத்தும். அலசிட்டு நாளைக்குக் கொண்டார்றேன். போத்தும்போது சொல்றேன்."

"நாளைக்குதானே?" என்றார் அவர்.

"காஞ்சதும்."

அந்த நாளை வந்தது. ஜஹீதா வரவில்லை. மதியத்துக்கு மேல் சமத் பாயின் மூச்சு மாறியது. இடைவெளி விட்டு, தேடித் தேடி எடுப்பதுபோல். கண் மட்டும் கதவின் மேல் இருந்தது. அவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லும் மளிகைக்கடை போன் எடுப்பாரில்லாமல் அடித்துக்கொண்டே இருந்தது. இந்தா விலாசம், வீட்டுக்கே ஓடு, இன்றிரவு தாண்டாது என்றார் நர்ஸ்.

அவர்கள் வீட்டுச் சந்துக்குள் நுழையும்போதே துணிகளைப் பார்த்துவிட்டேன். முதல் மாடியின் கைப்பிடிச்சுவரிலிருந்து இரண்டும் நீளமாகத் தொங்கின. அடியில் தெருவில் நீர் கோடாக ஓடியிருந்தது. மேலே வாளி உருளும் சத்தம் கேட்டது.

"பாய்..." என்று கூப்பிட்டுவிட்டு நிறுத்தினேன். யாரைக் கூப்பிட்டேன் என்றே தெரியவில்லை.

ஜஹீதா எட்டிப் பார்த்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. "காலைலேருந்து அலசுறேன். கஞ்சி வாசம் போவவே மாட்டேங்குது" என்றார். வாளியைக் காலால் தள்ளி வைத்தார். "அந்த முனை ஒனக்கு எட்டுதா? காஞ்சிடுச்சான்னு தொட்டுப் பாத்துச் சொல்லுமா."

நுனிக்காலில் எம்பித் துணியின் முனையைப் பிடித்தேன். வெயில் பட்ட பக்கம் மொரமொரப்பாக இருந்தது. மடிப்புக்குள் விரல் குளிர்ந்தது. மறுபடி வெளிப்பக்கத்தைத் தொட்டேன். மறுபடி உள்ளே.

மேலே பார்த்தேன். முழங்கை வரை சோப்பு நுரையோடு, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, ஜஹீதா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.