எந்த சீட்டுக்கு, சார்?

1

இந்தக் கதை ஒரு காரின் பின் சீட்டில் பிறந்தது. வேறெங்கோ பிறந்ததாகச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்ள விருப்பமில்லை. முன்னால் அக்காவும் அத்தானும். பின்னால் ஸ்பீக்கர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, முழங்காலை மடக்கிக்கொண்டு, நான்.

முதலில் எழுதிய வரி இது: "அக்கா கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகுதான் அத்தானுக்கு ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்தது, ஏனென்றால்" — இங்கே நிறுத்திவிட்டேன். ஏனென்றால் என்ன? எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த முயற்சி: "ஒலி என்பது காற்றின்" — ஐயோ, வேண்டாம். கட்டுரைப் போட்டிக்கா எழுதுகிறேன்? நேராகக் கடைக்குப் போய்விடுவோம்.

2

கார்களுக்கு சவுண்ட் சிஸ்டம் போடும் கடை. கழற்றிய கதவு அட்டைகள் சுவரில் சாய்ந்திருந்தன. புது ரப்பர் வாடை. எங்கள் காரின் நான்கு கதவுகளிலும் ஸ்பீக்கர் ஏறிவிட்டது. என் முதுகுக்குப் பின்னால், டிக்கியில், பேஸ் பெட்டி. மிச்சம் இருந்தது ட்யூனிங் மட்டும். அதைச் செய்கிற பெண் பானெட்டின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். தன்னைவிட்டால் இதற்கு ஆளே கிடையாது என்று வந்ததிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

"எந்த சீட்டுக்கு, சார்?" என்றாள்.

அத்தான் விழித்தார். நானும்தான்.

"காருக்குள்ள எல்லா சீட்டுக்கும் ஒரே மாதிரி கேக்காது சார். ஒரு கதவு ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட இருக்கும், இன்னொண்ணு தூரத்துல. கிட்ட இருக்கறதைத் துளியூண்டு லேட்டாப் பாட வைப்பேன். ரெண்டு சத்தமும் ஒண்ணா வந்து சேரும். ஆனா ஒரு சீட்டுக்குத்தான் அப்படிச் செய்ய முடியும். எல்லாரும் டிரைவர் சீட்டுக்குத்தான் கேப்பாங்க."

"பக்கத்து சீட்டுக்குப் போடுங்க" என்றார் அத்தான்.

[இங்கே எனக்குக் கை நின்றுவிட்டது. முதல் பிரதியில் அத்தான் புதுப் பொம்மை கிடைத்த சின்னப் பையன் மாதிரி. டிவி ரிமோட்டை யாரிடமும் தராதவர். 'டிரைவர் சீட்டுக்குத்தான், அதிலென்ன சந்தேகம்' என்று சொல்ல வைத்திருந்தேன். அந்த ஆளை எழுதுவது சுலபம். ஆனால் உண்மையில் அவர் இப்படித்தான் சொன்னார். நான் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.]

"எனக்கெதுக்குங்க? பாட்டுன்னாலே தலைவலி" என்றாள் அக்கா. நாளெல்லாம் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வளைய வந்தவள். இரண்டு வருடமாகக் காரில் ஏறியதும் முதல் வேலையாகப் பாட்டை அணைத்துவிடுவாள். வயசாகிறது, சலிப்பு என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

3

சோதனைக்கு முதலில் என்னை அந்தச் சீட்டில் உட்கார வைத்தார்கள். பாட்டு வந்தது. பாடுகிறவள் டேஷ்போர்டின் நடுவில், டிஷ்யூ பெட்டிக்கு மேலே நின்று பாடினாள். அங்கே ஸ்பீக்கர் இல்லை. நான் டிஷ்யூ பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது, ஆனால் பார்த்தேன்.* எனக்குச் சிலிர்த்துப் போயிற்று. ஒன்று இன்னொன்றுக்காகக் கொஞ்சம் காத்திருந்ததில், இல்லாத இடத்தில் ஒரு ஆள் வந்து நிற்கிறாள்!

(* அடியில் டிஷ்யூதான் இருந்தது.)

பிறகு அக்கா. நான் பின்னால் போய்விட்டேன். அத்தான் டிரைவர் சீட்டில், அவளுக்கு வலது பக்கம்.

"கண்ணை மூடிக்கோங்க மேடம். குரல் எங்கேர்ந்து வருதோ அங்க விரல் காட்டுங்க."

அக்கா வலது பக்கம் காட்டினாள்.

ட்யூனிங் பெண் எதையோ திருத்தினாள். அக்கா மறுபடியும் வலது பக்கம். இன்னொரு திருத்தம். அதே வலது பக்கம். கடைசியில் இடது கதவில் மட்டும் பாட விட்டாள். நான் கையை முன்னால் நீட்டி அந்தக் கதவைத் தொட்டேன். அதிர்ந்தது. அக்காவின் விரலோ வலது பக்கமே நீண்டிருந்தது.

"வயரை மாத்திக் குடுத்துட்டேனா?" என்று அந்தப் பெண் முகம் சிவந்து, கதவைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள்.

"வயர்ல ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே. "எனக்கு இந்த இடது காது கேக்காது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக உறைத்தது. போன் எப்போதும் வலது காதில். ஓட்டலுக்குப் போனால் அடித்துப் பிடித்து இடது ஓரத்து நாற்காலி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் அத்தான் இடது பக்கம் வந்துவிடுவார், அவர் பேசுவது கேட்காது. அதனால்தான் காரோட்டுவதையே விட்டிருக்கிறாள். என் முதல் வரியின் 'ஏனென்றால்' இதுதான்.

4

"எல்லாத்தையும் இந்தப் பக்கம் கொண்டாங்க" என்றார் அத்தான், தன் பக்கத்துக் கதவைத் தட்டி.

"சார், ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து அங்க விட்டா சுத்திக் கேக்கவே கேக்காது. இவ்ளோ பெரிய சிஸ்டம் வாங்கி... உங்க காதுகிட்டயே கத்தும் சார்."

"கத்தட்டும்."

கத்தியது. அத்தான் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குப் பிடித்த பழைய பாட்டு. முதல் சரணத்துக்கு முன்னால் அக்கா சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"புல்லாங்குழல்! இதைப் பாட்டுலேர்ந்தே எடுத்துட்டாங்கன்னுல்ல நெனச்சேன்!"

யாரும் எடுக்கவில்லை. இத்தனை நாளும் அது அவளுடைய இடது பக்கத்து ஸ்பீக்கரில் மட்டும் மெலிதாக ஒலித்துக்கொண்டுதான் இருந்தது. அக்கா அழுதாள். நானும் அழுதேன். ட்யூனிங் பெண் தன் பெருமையை மறந்து லேப்டாப்பையே வெறித்துப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: அத்தானுக்கு முன்பே தெரியும். ஒரே குடையில் போனாலும் அக்காவின் வலது பக்கமாகவே நடப்பார். மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று கட்டிலில் பக்கம் மாறிப் படுத்தார். சொல்ல அவளுக்கே மனம் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

முடிவு இரண்டு: ஒன்றுமே தெரியாது. குடையும் கட்டிலும் தற்செயல். நல்ல சீட்டை அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது, கொடுத்தார், அவ்வளவுதான்.

எது பெரியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டின் முன்னாலும் நான் வாய் பிளந்து நிற்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வீடு திரும்பும் வழியில் அக்கா அவர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்று கேட்டாள். பாட்டுக்கு மேலே கத்தித்தான் கேட்டாள். சிக்னலில் வண்டி நின்றதும் அத்தான் அவள் பக்கம் சாய்ந்து என்னவோ சொன்னார். பேஸ் பெட்டி என் முதுகில் தம்தம் என்று இடித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

"என்ன அத்தான் சொன்னீங்க?"

"உனக்கில்லடி" என்று அக்கா சிரித்தாள்.

அந்தப் பதிலை நான் மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். பின் சீட்டிலிருந்து இதற்கு மேல் எழுத முடியாது. நீங்கள் வேண்டுமானால் முன்னால் வந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும், எதைச் சொன்னாலும் அவளுக்கு வலது பக்கமாக இருந்து சொல்லுங்கள்.