உண்டியலில் போட்ட தாலி

என் அம்மா புஷ்பவள்ளி தன் தாலியைக் கழற்றித் தோட்டத்து மாரியம்மன் கோவில் உண்டியலில் போட்டபோது நான் பள்ளியில் நாலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் அப்போது கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். என் அப்பா தங்கராஜு லோரி ஓட்டப் போன சுங்கை பஞ்சாங்கிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். மரியாதைக்குத்தான் 'அவர்' என்கிறேன்.

எங்கள் வழக்கத்தில் தாலியை அம்மனுக்குக் கொடுப்பது பெரிய வேண்டுதல். புருஷன் பிழைப்பானா மாட்டானா என்று கிடக்கும்போது கொடுப்பார்கள். அவன் எழுந்து நடமாடியதும் புதுத் தாலி கட்டிக்கொள்வார்கள். அதனால் தொழிலாளர் வரிசை வீடுகள் இருந்த லயமே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. புருஷன் திரும்பி வரவேண்டும் என்று புஷ்பவள்ளி ஆத்தாவிடம் தாலியைக் கொடுத்துவிட்டாள், என்ன மனசு பாருங்கள் என்று எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். வெறுங்கழுத்தோடு இருந்தும் அவளைக் கல்யாணம் காட்சியில் யாரும் ஒதுக்கவில்லை. வேண்டுதலில் இருக்கிறவள் ஆயிற்றே! அம்மாவும் யாரையும் மறுத்துப் பேசவில்லை.

நான் பெரியவளான பிறகு ஒருநாள் கேட்டேன். சிரித்தாள்.

"வேண்டுதலும் இல்ல, மண்ணும் இல்ல. புல்லுக்கு மருந்தடிக்கப் போறப்ப பம்ப முதுகுல மாட்டுனா, வாரு அந்தக் கயித்துல சிக்கி கழுத்த அறுக்கும். கட்டுன ஆளே இல்ல, எதுக்கு இந்த அறுப்புன்னு கழட்டிட்டேன். குப்பையில போட மனசு வரல. அதான் ஆத்தாகிட்ட குடுத்தேன்."

அவ்வளவுதான் விஷயம். இதை அவள் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லயத்தில் குடியிருக்க விட்டிருப்பார்களா என்ன?

தோட்டம் கைமாறியதும் புக்கிட் பெருந்துங்கில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். நான் செரண்டாவில் தொழிற்சாலைக்குப் போனேன். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. ரத்தம் சுத்தம் செய்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வேனில் என் தோளில் சாய்ந்துகொள்வாள். அப்படி ஒரு நாள்தான் சொன்னாள்.

"நித்தியா, நான் போனா பொட்டு வெய்யி, தல நெறய பூ வெய்யி. எனக்குப் புடிக்கும். தாலி மட்டும் கட்ட விட்றாத. அந்த ஆளு உயிரோட இருக்கான்னு சொல்லி யாராச்சும் கட்டுவாங்க. எறக்கி வெச்சத என்னால மறுபடி தூக்க முடியாதும்மா."

சரிம்மா என்றேன். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். முதலில் ஓடி வந்தது அவள் தங்கை நல்லம்மாள் சித்தி. சித்தி நல்லவள், பயந்தவள். சேது சித்தப்பாவின் குரல் உயர்ந்தால் அவள் கையில் இருப்பது கீழே விழும். எத்தனையோ முறை முகம் வீங்கி எங்கள் வீட்டுக்கு வந்து, பொழுது சாய்வதற்குள் அவளாகவே திரும்பிப் போயிருக்கிறாள். மூன்று பையன்கள், மூன்றும் அப்பாவை உரித்து வைத்த பிள்ளைகள்.

"சித்தி, தாலி மட்டும் வேணாம். அம்மாவே சொன்னது," என்றேன். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். நான் போலீசில் தகனத்துக்குப் பெர்மிட் எடுக்கவும் பெட்டிக்கும் வேனுக்கும் சொல்லவும் கிளம்பினேன். ஆண்பிள்ளை இருந்தால் அவன் போயிருப்பான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது வாசல் கூடாரத்தில், முன்வரிசை நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் நரைத்து, கையில் மைலோ கிண்ணம். சித்தப்பாதான் போன் போட்டு வரவழைத்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

"யாரு இவர இங்க கூப்புட்டது?"

கோவில் தலைவர் சிவானந்தம் ஐயா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"சாவு வீட்டுல சண்ட வேணாம்லா, நித்தியா. வந்தவர் ஒக்காந்துட்டுப் போவட்டும். கொள்ளி நீதான் போடணும், ஒத்தப் பொண்ணு. முன்ன மாதிரி பொம்பளைங்க முச்சந்தியோட திரும்பணும்னுலாம் இப்ப இல்ல. டிவியில பாக்குறோம்ல, வெளிநாட்டுல பொம்பளைங்கதான் மந்திரி, பிரதமரு எல்லாம். நம்மளும் மாறணும்ல?"

அந்த நாடுகளைப் பற்றி அவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நானும் நெகிழ்ந்துபோனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அழுது களைத்திருந்தேன். அப்பாவை அப்படியே விட்டுவிட்டேன்.

உள்ளே அம்மாவைக் குளிப்பாட்டிப் பட்டுச்சேலை கட்டிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை மாலை. பொட்டும் பூவுமாக அழகாக இருந்தாள். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, "மகராசியா போறாடி ஒங்கம்மா," என்று அழுதார்கள். அந்த அழுகையில் ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு அப்போது புரியவில்லை.

மின்சுடலைக்கு எல்லாப் பெண்களும் வந்தார்கள். சிவானந்தம் ஐயா பெருமையோடு எண்ணிப் பார்த்தாலும் பார்த்திருப்பார். உள்ளே தள்ளுவதற்கு முன் மாலைகளை எடுத்துவிடச் சொன்னார் அங்கே வேலை செய்பவர். நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். கடைசி மாலைக்கு அடியில், அம்மாவின் கழுத்தில் புத்தம்புது மஞ்சள் கயிறு இருந்தது. அதில் கோத்திருந்த மஞ்சள் துண்டு நெஞ்சுக்குழியில் கிடந்தது.

"யாரு கட்டுனது?"

சித்தி என் கையைப் பிடித்தாள். "அக்கா வேண்டுதல் பலிச்சிருச்சுடி. எத்தன வருசம் வெறுங்கழுத்தோட காத்துக்கெடந்தா! அவரே வந்து, அவரு கையாலயே கட்டுனாரு. நான் எப்புடிடி வேணாங்கறது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். "கட்டச் சொன்னாங்க, கட்டுனேன்," என்றார் அவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அம்மா யாருக்காகவும் காத்துக்கெடக்கல," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "வேண்டுதலே இல்ல சித்தி. கழுத்த அறுக்குதுன்னுதான் கழட்டுனா. அவளா கழட்டுனா. திரும்பக் கட்டிறாதன்னு எங்கிட்ட கெஞ்சுனா."

பெண்கள் வாயில் கை வைத்தார்கள். சித்தி மட்டும் அசையவில்லை.

"சும்மாவா கழட்டுனா? அக்காவா?"

"ஆமா."

நான் குனிந்து அம்மாவின் பிடரிக்குப் பின்னால் கையை விட்டு முடிச்சைத் தேடினேன். மூன்று முடிச்சு. லோரியில் தார்ப்பாய்க்குப் போடுகிற மாதிரி இறுக்கிப் போட்டிருந்தார். கயிறு மஞ்சள் தண்ணீரில் ஊறிப் புடைத்திருந்தது. அம்மாவின் கழுத்து சில்லென்று இருந்தது. என் நகம் வழுக்கியது. கத்தரிக்கோல் இருக்கிறதா என்று கேட்டேன். தாலியை அறுக்க யார் கொடுப்பார்கள்?

"பாவம்லா, விட்றும்மா," என்றார் சிவானந்தம் ஐயா.

"கொஞ்சம் சீக்கிரம், அடுத்த குடும்பம் வந்துட்டாங்க," என்றார் வேலையாள்.

எனக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. தோற்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கேட்ட ஒன்றையும் செய்ய முடியாத மகள்.

அப்போது சித்தி என் பக்கத்தில் வந்து குனிந்தாள். தன் தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினாள். அந்த முனையை முடிச்சுக்குள் விட்டு நெம்பினாள். முதல் முடிச்சு இளகியது. நான் அம்மாவின் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய் நல்லம்மா! என்னா செய்ற அங்க? வாடி இங்க!" சித்தப்பாவின் குரல் சுவரில் மோதித் திரும்பியது.

சித்தியின் கையிலிருந்து ஊக்கு கீழே விழவில்லை. மூன்றாவது முடிச்சும் அவிழ்ந்தது. கயிற்றை உருவி என் கையில் வைத்தாள். அம்மாவின் கழுத்தில் படிந்திருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்தாள். பிறகு நிமிராமலே, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"நான் போனா எனக்கும் நீயே வந்து அவுத்துடு, நித்தியா. எம்புள்ளைங்க செய்ய மாட்டானுங்க."

"சித்தி, இப்பவே—"

அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். ஊக்கைத் திரும்பத் தன் தாலியில் மாட்டிக்கொண்டு, சித்தப்பா நின்ற பக்கம் நடந்தாள்.