டிரைவர் வீட்டு அழைப்புமணி

"டாக்டர், தூங்காம இருக்கத்தானே அவரு அந்தப் பொடியைப் போட்டாரு? அப்புறம் எப்படித் தூக்கத்துலயே போவாரு?"

கேட்டவள் லாரி டிரைவரின் மனைவி. செத்துப்போன புருஷனின் பிரேதப் பரிசோதனை முடிவு வந்திருப்பதாக ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். டாக்டருக்கு அன்று அவள் எத்தனையாவது ஆளோ, கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் பேசினார்.

"விழிக்க வைக்கிற பொடியிலயே இன்னொண்ணையும் கலந்திருக்காங்கம்மா. அபின் வகை. மூச்சையே தூங்க வெச்சிடும். வாங்கினவருக்குத் தெரிஞ்சிருக்காது."

"நல்லா குறட்டை விட்டாரே."

"அது குறட்டை இல்லம்மா. மூச்சுக்குத் திணறினது. அப்படி யாராவது தூங்கினா தட்டி எழுப்பணும். எழுந்திருக்கலைன்னா உடனே ஆம்புலன்ஸ்."

எழுப்புவதா? பூகம்பமே வந்தாலும் அந்த வீட்டில் டிரைவரை எழுப்பக் கூடாது. மாமனார் காலத்துச் சட்டம். அவரும் ஸ்டியரிங் பிடித்தவர். தூக்கம் கெட்ட டிரைவர் எமனுக்குப் பக்கத்து சீட்டைக் கொடுத்தவன் என்பார். வண்டி வாசலில் நின்றால் குக்கர் விசிலடிக்காது, டிவி வாயைத் திறக்காது, அழைப்புமணியின் ஒயரைக்கூடப் பிடுங்கிவிடுவார்கள். அவர் செத்த அன்றும் அவள்தான் பிடுங்கினாள். கொட்டக்கொட்ட விழித்துக் கிடந்த மனுஷன் இப்படி அசந்து தூங்குகிறாரே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனைப் பிடித்தாள். அண்ணன் வண்டியை இப்போது ஓட்டுவது அவன்தான். டாக்டர் சொன்னதையெல்லாம் சொல்லிவிட்டு, "உன்கிட்டயும் இருக்கா தம்பி?" என்றாள்.

மறைக்காமல் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். "ஒரே ஆள்கிட்டதான் அண்ணி வாங்குறோம். இது இல்லாம சரக்கை நேரத்துக்குக் கொண்டு சேர்க்க முடியாது. இதை இன்னும் பிரிக்கல."

பொட்டலத்தின் ஓரம் கிழிந்திருந்தது. அதைக் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அவள் வருவதற்குள் அவன் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டான். வாய் திறந்திருந்தது. குறட்டை கிளம்பியிருந்தது.

வெறும் அலுப்பா, அதுவா? அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். "விடுங்க அண்ணி, ரெண்டு நாளா தூங்கல," என்று முனகி மறுபக்கம் சாய்ந்தான்.

மாமியார் உதட்டில் விரலை வைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். அடுப்பை அணைத்துவிட்டிருந்தாள். "புள்ள தூங்குறான்ல, பாவம்."

"அதான் அத்தை."

ஸ்டூலில் ஏறி, தொங்கிக்கொண்டிருந்த ஒயரை மாட்டினாள். பின்னால் குறட்டை ஒருமுறை நின்று, இழுத்து, மறுபடி தொடங்கியது. வாசலுக்குப் போய்த் தன் வீட்டு மணியைத் தானே அழுத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவள் விரலை எடுக்கவில்லை.